ஊதாச் சட்டை அணிந்தவர்கள் மீதான பழி

அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களிடமும், அவ்விளையாட்டைப் பற்றி எழுதுவோரில் பெரும்பாலோரிடமும், விவாதத்துக்கே இடமில்லாத உண்மைபோல் நிலைத்துவிட்ட கருத்து ஒன்று உண்டு. ஓர் அணிக்காக ஆண்டுக்கணக்கில் ஆடிப் பெயரும் பணமும் சம்பாதித்த வீரர் அந்த அணியின் பரம எதிரியிடம் போய்ச் சேர்ந்தால் அது துரோகம் என்பதே அக்கருத்து. அப்படிப் போகிறவர் பணத்தாசையாலோ பழிவாங்கும் எண்ணத்தாலோதான் போகிறார் என்றும், முற்காலத்து வீரர்களிடம் இருந்த விசுவாசம் இக்காலத்தவரிடம் அற்றுப்போய்விட்டது என்றும் அதனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. இரண்டு எதிரணிகளுக்கும் ஆடியவர்களின் பெயர்ப்பட்டியல் பத்திரிகைகளில் வெளிவரும்போதெல்லாம் அது குற்றவாளிகளின் பட்டியலாகவே வாசிக்கப்படுகிறது. ஆனால் அப்பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் முதல் அணியை விட்டு எவ்வாறு வெளியேறினார் என்று பார்க்கப் புகுந்தால், குற்றச்சாட்டு நிற்பதற்குக் கால் இல்லை என்பது விளங்கும்.

இதற்குக் கிரீன் பே பேக்கர்ஸ், மினசோட்டா வைக்கிங்ஸ் ஆகிய இரண்டு அணிகளைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. தேசியக் கால்பந்து லீக் எனப்படும் தொழில்முறைப் போட்டி அமைப்பில் 32 அணிகள் உள்ளன. அவை நான்கு நான்காக எட்டுப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரே பிரிவில் உள்ள அணிகள் ஒவ்வொரு பருவத்திலும் தமக்குள் இரண்டு முறை மோதியாக வேண்டும். பச்சைச் சட்டை அணியும் பேக்கர்ஸ், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் விஸ்கான்சின் மாநிலச் சிற்றூரின் அணி. ஊதாச் சட்டை அணியும் வைக்கிங்ஸ், அண்டை மாநிலமான மினசோட்டாவின் பெருநகரான மினியாபொலிஸைச் சேர்ந்தது. 1961 முதல் இவ்விரு அணிகளுக்கும் இடையே நீடிக்கும் பகை, மாநில எல்லையில் வாழும் குடும்பங்களையே இரண்டாகப் பிரிக்கும் அளவுக்கு வேரூன்றியது.

இந்தப் பச்சையிலிருந்து ஊதாவுக்குப் போனவர்கள் பலர். நார்வேயில் பிறந்து, பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பதையே தொழிலாகக் கொண்ட யான் ஸ்டெனெரூட் 1984-இல் மினசோட்டாவுக்குப் போனார்; அவரைப் பேக்கர்ஸே வைக்கிங்ஸுக்குக் கைமாற்றிவிட்டது. அதே தொழிலில் ஒன்பது பருவங்களில் 1,054 புள்ளிகள் எடுத்து, அணியின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்தவராக விளங்கிய ரயன் லாங்வெல், ஒப்பந்தம் முடிந்த 2006-இல் போனார். எதிரணியின் பந்து எறிபவரை விரட்டி வீழ்த்துவதில் வல்லவரான சடேரியஸ் ஸ்மித்தைப் பேக்கர்ஸ் 2022 மார்ச்சில் ஒப்பந்தம் முடியுமுன்னரே விடுவித்தது. அதன் பிறகே அவர் வைக்கிங்ஸில் சேர்ந்தார். பந்தை ஏந்தி ஓடும் ஓட்ட வீரரான ஆரன் ஜோன்ஸும் 2024 மார்ச்சில் அவ்வாறே விடுவிக்கப்பட்டார். ஒப்பந்தக் காலம் மீதியிருக்க, அணி தடுத்தும் கேளாமல் எதிரணிக்கு ஓடிப்போனவர் என்று இவர்களில் ஒருவரைக்கூடச் சுட்ட முடியாது. அது நடக்கவும் வழியில்லை. ஒப்பந்தத்தில் உள்ள வீரர் அணியின் சம்மதமின்றி வேறு அணிக்கு ஆடுவதை லீக்கின் விதிகள் அனுமதிப்பதில்லை. அணிக்கோ, ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும்போதே வீரரைக் கைகழுவிவிடும் உரிமை உண்டு. உத்தரவாதம் அளிக்கப்பட்ட தொகை நீங்கலாக மீதிச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு தரப்பு மட்டுமே முறித்துக்கொள்ளக்கூடிய உறவில், மறுதரப்பின் மீது துரோகப் பழி சுமத்துவது எந்த நியாயத்தில் சேரும் என்ற கேள்விக்கு இதுவரை எவரும் விடை சொன்னதில்லை.

இந்தப் பழியின் முழுச் சுமையையும் தாங்கியவர் பிரெட் ஃபார்வ். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் இடத்தில் 1992 முதல் 2007 வரை பதினாறு பருவங்கள் கிரீன் பே அணிக்காக ஆடி, லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை 1995, 1996, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து பெற்று, காயம் பட்டாலும் ஒரு லீக் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் 253 ஆட்டங்களைத் தொடர்ச்சியாகத் தொடங்கியவர் அவர். 2008 மார்ச்சில் ஓய்வு அறிவித்தவர், சில மாதங்களில் மனம் மாறி மீண்டும் ஆட விரும்பினார். இந்த ஊசலாட்டம் அணி நிர்வாகத்தைச் சங்கடத்தில் ஆழ்த்தியது என்பதையும், மாற்றுக் குவாட்டர்பேக்காக மூன்று ஆண்டுகளாகக் காத்திருந்த ஆரன் ராட்ஜர்ஸை முன்னிறுத்த நிர்வாகம் எடுத்த முடிவு விளையாட்டு நோக்கில் சரியானது என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த முடிவு எடுக்கப்பட்ட கணத்திலேயே ஃபார்வுக்கு அந்த அணியில் இடம் இல்லாமல் போய்விட்டது என்பதை மறந்துவிட்டுத்தான் பிறகு துரோகம் பற்றிப் பேசினார்கள்.

அடுத்து நடந்தவற்றைக் கூர்ந்து பார்ப்பது பயன் தரும். தம்மை விடுவிக்குமாறு ஃபார்வ் கேட்டார், நிர்வாகம் மறுத்தது. வைக்கிங்ஸ் அவரோடு விதிகளை மீறிப் பேசியதாக லீக்கிடம் புகார் கொடுத்தது. விசாரணையில் அது நிலைக்கவில்லை. ஓய்விலேயே இருப்பதென்றால் அணியின் விளம்பரப் பணிகளுக்காகப் பல ஆண்டுகளில் 2 கோடி டாலர் தரும் யோசனை பேசப்பட்டதாகவும் அப்போது செய்திகள் வெளிவந்தன. இறுதியில் அவ்வாண்டு ஆகஸ்டில் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு அவரைக் கைமாற்றியபோது, ஜெட்ஸ் அவரை மினசோட்டாவுக்கு மறுபடியும் கைமாற்றினால் தனக்கு மூன்று முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளைத் தண்டமாகத் தர வேண்டும் என்ற நிபந்தனையைக் கிரீன் பே எழுதிச் சேர்த்தது. தேர்வு உரிமை என்பது, கல்லூரிகளிலிருந்து புதிதாக வரும் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்யும் ஆண்டுத் தேர்வில் ஓர் அணிக்குக் கிடைக்கும் முறை. முதல் சுற்று உரிமை ஒன்றே பொன்னாக மதிக்கப்படும் நிலையில் மூன்று என்பது தடையுத்தரவுக்குச் சமம். ஒரு மனிதர் எந்த ஊரில் வேலை செய்யலாம், எந்த ஊரில் செய்யக் கூடாது என்பதை அவர் கையொப்பமிடாத பத்திரத்தின் மூலம் தீர்மானிக்க முயன்றது அணிதான். அதைச் சாமர்த்தியம் என்று மெச்சியவர்களே, அடுத்த ஆண்டு ஜெட்ஸ் விடுவித்த பின் ஃபார்வ் 2009 ஆகஸ்ட் 18 அன்று வைக்கிங்ஸில் சேர்ந்ததும் துரோகம் என்றார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேண்டியதில்லை.

கிரீன் பே நிர்வாகத்தின் மீது ஃபார்வுக்குக் கோபம் இருந்ததா என்றால் இருந்தது. அதை அவர் பெரிதாக மறைக்கவும் இல்லை. ஆனால் கோபம் துரோகம் ஆகாது. துரோகம் என்று சொல்வதற்கு ஒரு கடமை மீறப்பட்டிருக்க வேண்டும். ஓராண்டுக்கு முன்பே தம்மை வேண்டாம் என்று விற்றுவிட்ட அணிக்கு அவர் எந்தக் கடமையையும் பாக்கி வைத்திருக்கவில்லை.

இங்கே எதிர்த்தரப்பினர் எடுத்துவைக்கும் வலுவான வாதம் இரகசியங்களைப் பற்றியது. ஓர் அணியின் ஆட்டத் திட்டங்களையும், சைகைகளையும், சக வீரர்களின் பலவீனங்களையும் அறிந்தவர் எதிரணிக்குப் போவது, படையின் வரைபடத்தோடு எதிரி முகாமுக்குப் போவதற்கு ஒப்பானது என்பர். 2009-இல் நடந்த இரண்டு ஆட்டங்களையும் வைக்கிங்ஸே வென்றதால் இவ்வாதம் மெய்ப்பிக்கப்பட்டதாகவும் கருதப்பட்டது. ஆனால் அவ்வாண்டின் தொடக்கத்தில் டாம் கேப்பர்ஸ் என்ற புதிய தற்காப்புப் பயிற்சியாளரை அமர்த்திய பேக்கர்ஸ், முன்வரிசையில் நால்வரை நிறுத்தும் பழைய முறையைக் கைவிட்டு மூவரை நிறுத்தும் முறைக்கு மாறியிருந்தது. ஃபார்வ் அறிந்திருந்த தற்காப்பு அப்போது நடைமுறையிலேயே இல்லை. மேலும் அக்டோபர் 5 அன்று மினியாபொலிஸில் 30–23 என முடிந்த ஆட்டத்தின் போக்கைத் தீர்மானித்தது ஃபார்வின் கை மட்டுமன்று. பந்தை எறியுமுன்பே குவாட்டர்பேக்கை வீழ்த்துவதைச் ‘சாக்’ என்பர். அன்று ராட்ஜர்ஸ் எட்டு முறை அவ்வாறு வீழ்த்தப்பட்டார். அவற்றில் பாதிக்கு மேல் ஜேரட் ஆலன் என்ற ஒரே வீரரின் கணக்கில் சேர்ந்தன. ஆலன் ஒருபோதும் கிரீன் பே அணியில் இருந்தவர் அல்லர். ஆகவே அவரிடம் கடத்திவர எந்த இரகசியமும் இல்லை. நவம்பர் 1 அன்று கிரீன் பேயின் லாம்போ மைதானத்தில், தம் பழைய ரசிகர்களின் கூச்சலுக்கு நடுவே ஃபார்வ் நான்கு டச் டவுன்களை, அதாவது கோட்டைத் தாண்டிப் பெறும் ஆறு புள்ளி ஈட்டங்களை, எறிந்து கொடுத்து 38–26 என வென்றதும் உண்மை. ஆனால் அடுத்த ஆண்டு அதே ஃபார்வ், அதே அறிவோடு ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் பேக்கர்ஸே வென்றது. இரண்டாவது ஆட்டம் 31–3 என்ற கணக்கில் முடிந்து, மறுநாளே வைக்கிங்ஸின் தலைமைப் பயிற்சியாளர் பதவியிழந்தார். முந்திய ஆண்டின் வெற்றிக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட இரகசியம் ஓராண்டில் காலாவதியாகிவிட்டதா என்ற கேள்வியை அந்த வாதத்தினர் எழுப்பிக்கொள்ளவே இல்லை.

இழப்பின் கணக்கைப் பார்த்தாலும் கிரீன் பே நட்டப்படவில்லை. ஃபார்வுக்கு ஈடாக ஜெட்ஸிடமிருந்து கிடைத்த மூன்றாம் சுற்று உரிமையை வேறு சில உரிமைகளோடு சேர்த்துக் கொடுத்துத்தான், 2009 தேர்வில் அவ்வணி தற்காப்பு வீரர் கிளே மேத்யூஸை எடுத்தது. 2011 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் அணியை 31–25 என வென்று பேக்கர்ஸ் கோப்பையைக் கைப்பற்றிய இறுதி ஆட்டத்தில், நான்காம் கால்பகுதியின் தொடக்கத்தில் எதிரணியின் கையிலிருந்து பந்தை நழுவச் செய்து போக்கை மாற்றியவர்களில் ஒருவர் இந்த மேத்யூஸ். விற்ற பொருளுக்கு விலையும் வாங்கி, அந்த விலையைக் கொண்டு கோப்பையும் வென்ற பிறகு, விற்கப்பட்டவரைத் துரோகி என்பது விந்தையான வழக்கு.

விசுவாசத்தைப் பற்றிய பேச்சு எவ்வளவு ஒருதலைப்பட்சமானது என்பதற்கு ரெஜி வைட் சாட்சி. ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் அணியில் எட்டுப் பருவங்கள் ஆடி லீக்கின் தலைசிறந்த தற்காப்பு வீரராகப் புகழ்பெற்ற அவர், 1993-இல் நான்கு ஆண்டுகளுக்கு 1 கோடியே 70 லட்சம் டாலர் என்ற ஒப்பந்தத்தில் கிரீன் பே அணிக்கு வந்தார். அதைக் கிரீன் பே மக்கள் துரோகம் என்று சொல்லவில்லை. தங்கள் சிற்றூரின் மறுமலர்ச்சி என்று கொண்டாடினார்கள். 1997 ஜனவரி இறுதி ஆட்டத்தில் அவர் மூன்று முறை எதிரணி குவாட்டர்பேக்கை வீழ்த்தியதும், இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் கோப்பை ஊர் திரும்பியதும் அவ்வூர் வரலாற்றின் பொன்னேடுகள். ஃபார்வையும் கிரீன் பே அட்லாண்டா அணியிடமிருந்துதான் பெற்றது. வைக்கிங்ஸில் ஆறு பருவங்கள் ஆடிய லெட்ராய் கியோன் 2014-இல் எதிர்த்திசையில் பச்சைச் சட்டைக்கு மாறியபோதும் எவரும் முணுமுணுக்கவில்லை. வருகிறவர் வரவேற்கத்தக்கவர், போகிறவர் பழிக்கத்தக்கவர் என்றால், அங்கே அளக்கப்படுவது விசுவாசம் அன்று, சொந்த இலாபமே.

முற்காலத்து வீரர்கள் விசுவாசிகள் என்ற நம்பிக்கையோ இன்னும் பலவீனமானது. அவர்கள் ஒரே அணியில் இருந்ததற்குப் பெருங்காரணம், வெளியேறும் கதவு பூட்டப்பட்டிருந்ததே. 1963 முதல் நடைமுறைக்கு வந்த ரோசெல் விதி, அக்காலத்து லீக் ஆணையரின் பெயரால் அழைக்கப்பட்டது. ஒப்பந்தம் முடிந்த வீரரை வேறோர் அணி சேர்த்துக்கொண்டால், பழைய அணிக்கு ஈடாக வீரர்களையோ தேர்வு உரிமைகளையோ கொடுக்குமாறு ஆணையர் கட்டளையிடலாம் என்பது அதன் சாரம். எவ்வளவு பறிபோகும் என்று முன்கூட்டித் தெரியாததால், சேர்த்துக்கொள்ளத் துணிந்த அணிகள் மிகச் சில. பால்டிமோர் கோல்ட்ஸ் வீரரும் வீரர் சங்கத் தலைவருமான ஜான் மேக்கி தொடுத்த வழக்கில் இவ்விதி செல்லாது என்று மினியாபொலிஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1976-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் லீக்குக்கு எதிராகவே முடிவு செய்தது. அதன்பின் லீக் புதுப்புதுக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவர, ஃப்ரீமன் மெக்நீல் பெயரிலான வழக்கில் 1992 செப்டம்பரில் அதே மினியாபொலிஸில் நடுவர் குழு வீரர்களின் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. அடுத்த ஆண்டு முதல், குறிப்பிட்ட பருவங்கள் ஆடி ஒப்பந்தம் முடிந்தவர் விரும்பிய அணியில் சேரலாம் என்ற உரிமை நடைமுறைக்கு வந்தது. அதைப் பெற்றுத் தந்த உடன்பாட்டு வழக்கே ரெஜி வைட்டின் பெயரைத் தாங்கியது. பூட்டிய வீட்டில் இருந்தவரின் இருப்பை விசுவாசத்துக்குச் சான்றாகக் காட்டுவது வரலாற்றை அறியாமையே.

பூட்டு இருந்த காலத்திலும், வழி கிடைத்தவர்கள் போகத்தான் செய்தார்கள். பேக்கர்ஸின் பொற்காலத்து ஓட்ட வீரர் ஜிம் டெய்லர் தம் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு 1967-இல் நியூ ஆர்லியன்ஸ் அணிக்குப் போனார். அதற்காக அவர்மீது சினந்த பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி, இரண்டே ஆண்டுகளில் தாமே கிரீன் பேயை விட்டு வாஷிங்டன் அணிக்குப் பயிற்சியாளராகச் சென்றார். லீக்கின் கோப்பை இன்று அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. பயிற்சியாளர் போனால் முன்னேற்றம், வீரர் போனால் துரோகம் என்ற வழக்கம் அன்றே தொடங்கிவிட்டதுபோலும்.

இனி, வீரர்கள் இதே இரண்டு அணிகளுக்கிடையே திரும்பத் திரும்ப மாறுவது ஏன் என்ற கேள்வி எஞ்சுகிறது. பகையைச் சீண்டும் விருப்பமே காரணம் என்பது பத்திரிகைகளுக்கு உகந்த விளக்கம். உண்மையான காரணங்கள் அலுவல்சார்ந்தவை. ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு வீரரை எதிர்த்து ஆடி, அவருடைய ஆட்டத்தின் ஒளிப்பதிவை வாரக்கணக்கில் அலசிப் பார்க்கும் பிரிவுப் போட்டியாளரைவிட அவர் மதிப்பை அறிந்த அணி வேறெது? அதனினும் முக்கியமானது பயிற்சியாளர்களின் போக்குவரத்து. 2009-இல் வைக்கிங்ஸின் தாக்குதல் ஆட்டத்தை வகுத்த டேரல் பெவெல், முன்பு கிரீன் பேயில் ஃபார்வுக்கே பயிற்சியளித்தவர். தலைமைப் பயிற்சியாளர் பிராட் சில்ட்ரெஸ் ஆண்டி ரீடின் கீழ்ப் பணியாற்றி வந்தவர். ரீடோ 1990-களில் கிரீன் பேயில் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். குறுந்தூர எறிதல்களை அடிப்படையாகக் கொண்ட ஒரே ஆட்டமுறையும், அதற்குரிய ஒரே குறிச்சொற்களும் அவ்வழியே மினியாபொலிஸுக்கு வந்துசேர்ந்திருந்தன. முப்பத்தொன்பது வயதான குவாட்டர்பேக் ஒருவர் ஆகஸ்ட் நடுவில் வந்து செப்டம்பரில் ஆடக்கூடிய அணி அதுவே. 2022-இல் சடேரியஸ் ஸ்மித் போனபோதும் இதே கதைதான்: கிரீன் பேயில் அவருக்குத் தற்காப்புப் பயிற்சியாளராக இருந்த மைக் பெட்டைன் அவ்வாண்டே வைக்கிங்ஸில் பொறுப்பேற்றிருந்தார். பெட்டைனை எவரும் துரோகி என்று சொல்லவில்லை.

இந்தப் போக்கு ஒரு பிரிவுக்கு மட்டும் உரியதன்று. சியாட்டில் அணி, குதிகால் தசைநாண் அறுந்திருந்த தற்காப்பு வீரர் ரிச்சர்ட் ஷெர்மனை 2018 மார்ச்சில் விடுவித்தது. சில நாட்களில் அவரைச் சேர்த்துக்கொண்டது அதன் பிரிவு எதிரியான சான் பிரான்சிஸ்கோ. நியூயார்க் ஜயண்ட்ஸ் ஓட்ட வீரர் சேக்வான் பார்க்லியின் நிலை இன்னும் தெளிவானது. ஒப்பந்தம் முடிந்த வீரரை விதிக்கப்பட்ட தொகைக்கு மேலும் ஓராண்டு பிடித்துவைக்க அணிக்கு உரிமையளிக்கும் ஏற்பாட்டை 2023-இல் அவர்மீது பயன்படுத்திய ஜயண்ட்ஸ், மறு ஆண்டு போக விட்டுவிட்டது. அவர் ஃபிலடெல்பியா ஈகிள்ஸில் சேர்ந்ததும் ஜயண்ட்ஸின் முன்னாள் ஓட்ட வீரர் ஒருவர் வானொலியில், தங்களைப் பொறுத்தவரை பார்க்லி செத்துவிட்டார் என்ற பொருள்படப் பேசினார். அப்பருவத்தில் 2,005 கெஜம் ஓடிய பார்க்லி கோப்பையும் வென்றார். தவறான கணக்குப் போட்டவர்கள் நிர்வாக அறையில் இருக்க, திட்டு வாங்கியது வீரர்.

கிரீன் பே ரசிகர்களுக்காகச் சொல்லப்படும் தனி நியாயம் ஒன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பேக்கர்ஸ் ஒரு செல்வந்தரின் உடைமை அன்று. 1923 முதல் ஆறு முறை விற்கப்பட்ட பங்குகளை வைத்திருக்கும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பொதுச் சொத்து. பங்குக்கு இலாபமும் கிடையாது, விற்கவும் முடியாது. பாசத்தைத் தவிர அதில் வேறு வருமானம் இல்லை. அத்தகைய அணியை விட்டுப் போவது ஊரையே விட்டுப் போவதாகும் என்பர். அந்தப் பாசம் மெய்யானது, எள்ளத்தக்கதும் அன்று. ஆனால் அது வாதத்தைத் தலைகீழாக்குகிறது. அணி மக்களுடையது என்றால், ஃபார்வை விற்றதும் ஸ்மித்தை விடுவித்ததும் மக்களின் பெயரால் நடந்தவையே. உரிமையாளர் என்ற பெருமையை ஏற்பவர், உரிமையாளரின் செயலுக்கான பொறுப்பை மட்டும் தட்டிக்கழிக்க முடியாது.

ஆரன் ஜோன்ஸின் கதையில் இவை அனைத்தும் ஒருங்கே தெரிகின்றன. 2017 தேர்வின் ஐந்தாம் சுற்றில் எடுக்கப்பட்டு, அணியின் மிகவும் விரும்பப்பட்ட ஓட்ட வீரராக வளர்ந்தவர் அவர். 2021 ஏப்ரலில் தந்தையை இழந்த ஜோன்ஸ், அவருடைய அஸ்தியை ஒரு பதக்கத்தில் அடைத்துக் கழுத்தில் அணிந்தே ஆடினார். அவ்வாண்டு செப்டம்பரில் டெட்ராய்ட்டுக்கு எதிராக நான்கு டச் டவுன் எடுத்த இரவில் அப்பதக்கம் லாம்போ மைதானப் புல்லில் விழுந்துவிட, அணியின் உடல்நலப் பயிற்சியாளர் ஒருவர் நள்ளிரவு தாண்டித் தேடிக் கண்டெடுத்துக் கொடுத்தார். அன்பு இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் சம்பளப் பட்டியலைத் தயாரிப்பது அந்த அன்பு அன்று. ஒவ்வோர் அணியும் வீரர்களுக்குச் செலவிடும் மொத்தத் தொகைக்கு லீக் உச்சவரம்பு விதித்துள்ளது. 2024-இல் அது 25 கோடியே 54 லட்சம் டாலர். 2023-இல் ஏற்கெனவே ஒருமுறை சம்பளத்தைக் குறைத்துக்கொண்டவரிடம், மறு ஆண்டும் குறைத்துக்கொள்ளச் சொன்னது நிர்வாகம். அவர் இசையவில்லை. டல்லாஸ் அணியை அதன் சொந்த மைதானத்தில் வீழ்த்திய ஆட்டத்தில் அவர் 118 கெஜம் ஓடி மூன்று டச் டவுன் எடுத்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நிர்வாகம் வேறொரு ஓட்ட வீரரை ஒப்பந்தம் செய்துகொண்டு, அவரை விடுவித்தது.

மறுநாளே வைக்கிங்ஸ் 70 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தம் தந்தது. அந்த 2024 பருவத்தில் அவர் ஓடிய 1,138 கெஜம், அவருடைய விளையாட்டு வாழ்வில் அதுவரை எந்தப் பருவத்திலும் எட்டாத அளவு. 2025 மார்ச்சில் வைக்கிங்ஸ் அவரை மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது.